எழுந்திருக்காத சொல்

எங்கள் சபை ஐயர் போன மாதம் வீட்டுக்கு வந்து, அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். ஐயர் என்றதும் திகைக்க வேண்டாம். லூத்தரன்களாகிய நாங்கள் போதகரை அப்படித்தான் அழைப்போம். சிறு வயதில் மயிலாப்பூர் மாடவீதியில் நின்றுகொண்டு 'எங்க ஐயர் வீட்டில் நேற்று மீன் குழம்பு' என்று சொல்லி எத்தனையோ பேரைக் கலங்கடித்திருக்கிறோம்.

ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கியவர்களைப் பற்றிச் சபை ஒரு சிறு மலர் போடுகிறதாம். 'வாழ்வும் பணியும்' என்று தலைப்பு. அப்பாவின் வாழ்வு தி.நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பணி, இருபதுக்கு மேற்பட்ட பாட்டுகள். பாட்டுப் புத்தகத்தில் அவற்றின் அடியில் அவர் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் பொடியாக அச்சாகியிருக்கும். இவ்வளவுதானே, காபி ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். சரிபார்க்கலாமே என்று பரணில் கிடந்த பிஸ்கட் டின்னை இறக்கினேன். அதில் இருந்ததைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கத்தில் அல்ல, நிம்மதியில். நிம்மதியிலும் சோறு இறங்காது என்பதை இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்ல முடியும். பத்து வயதில் பட்ட ஒரு வெட்கத்தை யாருக்கும் காட்டாமல் அறுபது வயதுக்கு மேலும் முந்தானையில் முடிந்துகொண்டு திரிவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்குத் திக்குவாய். இப்போதும் கொஞ்சம் உண்டு. பேங்கில் பெயர் கேட்டால் பாஸ்புக்கை நீட்டிவிடுவேன். அப்போது இன்னும் மோசம். என் பெயரே எனக்கு வராது. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுவேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது 'பிரசென்ட் மிஸ்' சொல்ல எழுந்து, 'ப்' என்று ஆரம்பித்து அங்கேயே நிற்பேன். மிஸ் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். சில சொற்கள் தடையில்லாமல் ஓடும், சில தொண்டையிலேயே குந்திக்கொள்ளும். ஏன் என்று யோசிக்கிற வயதில்லை. பாடச் சொன்னால் மட்டும் ஒரு தடங்கலும் இருக்காது. அதனால் வீட்டுக்கு வந்தவர்களிடம் என்னைப் பாடச் சொல்லிவிட்டு, பேச விடாமல் உள்ளே அனுப்பிவிடுவார் அம்மா.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. அம்மா வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கொட்டிவாக்கத்தில் இருந்தார். ஞாயிறு மாலைகளில் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிப் போய்க் கடலுக்கு எதிரே நிறுத்தி, 'கப்பல், கட்டுமரம், கடல்' என்று கத்தச் சொல்வார். பயம் போய்விட்டால் பேச்சு வந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தார். நான் 'க், க்' என்று நிற்க, அலை வந்து பாவாடையை நனைத்துவிட்டுப் போகும். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் மாமாவைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அப்பா மட்டும் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு எந்நேரமும் விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். ஜெர்மன் மெட்டில் ஓர் அடிக்குப் பத்து அசை என்றால் தமிழிலும் பத்து அசை வரவேண்டும்; ஒன்று கூடினாலும் சபை தடுமாறும். சாப்பிடும்போது இடது கை எண்ணும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி எண்ணுவார். ஒருமுறை கண்டக்டர், 'இன்னா சார், எத்தினி பேரு ஏறினாங்கன்னு நீயும் எண்ணிக்கினு வர்றியா?' என்று கேட்டு பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டு எட்டாவது கணுவிலிருந்து தொடர்ந்தார்.

நான் சொல்ல வருவது ஒரு லெந்து காலத்தைப் பற்றி. இயேசு உயிர்த்தெழுந்த நாளுக்கு முன் வரும் அந்தத் தவக் காலத்தில் எங்கள் வீட்டில் கறி கிடையாது, சினிமா கிடையாது, ரேடியோவுக்கு மேல் துணி மூடியிருக்கும். அந்த வருடம் அது தொடங்கிய வாரத்தில் ஞாயிறு பள்ளி டீச்சர் ஒரு பட்டியல் ஒட்டினார். அந்தக் காலத்தின் கடைசி ஞாயிறான குருத்தோலை ஞாயிறன்று அடி கொடுக்கப் போவது நான் என்று அதில் இருந்தது.

அடி கொடுப்பது என்றால் இதுதான். புதுப் பாட்டு புத்தகத்தில் இருக்காது. சைக்ளோஸ்டைல் எடுத்த தாளைக் கொடுப்பார்கள். கண் மங்கிய பெரியவர்கள் அந்த ஊதா எழுத்தைப் படிக்க முடியாது. அதனால் ஒரு பிள்ளை பீடத்துப் படியில் நின்று ஒவ்வோர் அடியையும் உரக்க வாசிக்கும். பிறகு சபை அதைப் பாடும். பத்து வயது நிறைந்த பிள்ளைகளுக்கு முறை வைத்து வரும். அந்த வருடத்துப் புதுப் பாட்டு அப்பாவுடையது. முறை என்னுடையது. சபை நடுவே நின்று அடி வாங்கப் போவதும் நான்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று சாப்பாட்டின்போது அம்மா கேட்டார். "ஏங்க, பிள்ளைய அத்தனை பேர் முன்னாடி நிறுத்தணுமா? ஐயர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வேற பிள்ளைய போடுவாரு."

அப்பாவின் இடது கை எண்ணுவதை நிறுத்தியது. "போடுவாரு. அடுத்த வருஷமும் வேற பிள்ளையத்தான் போடுவாரு. இவளே வாசிக்கட்டும்."

அம்மா அதற்குப் பிறகு அவருடன் இரண்டு நாள் பேசவில்லை. நான் மனதுக்குள் ஆறு வாரம் பேசவில்லை.

அதைவிடக் கொடுமை பஸ்ஸில் நடந்தது. அந்த ஆறு வாரமும் சனிக்கிழமைகளில் என்னைத் தி.நகருக்குக் கூட்டிப் போனார். ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வரச் சொன்னார். 'வளையல்' சொன்னேன். 'மருந்து' சொன்னேன். 'பாத்திரக் கடை' வந்ததும் 'பா'விலேயே நின்றேன். அதற்குள் பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டது. அப்பா அவசரப்படுத்தவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அவரிடம் ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம் உள்ள பென்சில் இருந்தது, கட்டுரை திருத்துகிறவர்கள் வைத்திருப்பார்களே, அது. நான் நின்றபோதெல்லாம் சிவப்பு முனையால் எதையோ குறித்தார். என் தப்புகளை எண்ணுகிறார் என்று நினைத்தேன். அழுகை வந்தது. 'துணி' என்ற பலகையைப் பார்த்ததும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் நம்பிவிட்டதுபோல் இருந்துவிட்டார்.

எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் வீட்டுக்கு வாடிக்கையாக வரும் மீன்காரம்மா, பாலவாக்கத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி வருவார். கழுத்தில் ஜெபமாலை தொங்கும். லெந்து காலத்தில் நாங்கள் கறி தின்ன மாட்டோம், மீனுக்குத் தடையில்லை. அதனால் எங்கள் விரதத்தில் அவருக்குத்தான் நல்ல வியாபாரம். ஒருநாள் காலை அவர் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் நின்று 'துண்டு பெரிசா இருக்கட்டும்' என்று அம்மா சொல்லி அனுப்பியதைச் சொல்லப் பார்த்தேன். 'து'வைத் தாண்ட முடியவில்லை. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாகூட அப்படிக் காத்திருந்ததில்லை.

பிறகு சொன்னார். "நீ இன்னாத்துக்கு கண்ணு அழுவுற? அருள் கீது உனுக்கு. ஒரு நாளைக்கு நீ பேசிக்கினே போவ, நாங்கல்லாம் கேட்டுக்கினே இருப்போம் பாரு."

ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்த அப்பா வெளியே வந்தார். கணுவில் வைத்த கட்டைவிரல் அப்படியே நின்றிருந்தது. "இன்னொரு வாட்டி சொல்லும்மா. என்ன இருக்குன்ன?"

"அருளு சாரு. மாதாவோட அருளு."

அடுத்த வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தது எங்கள் சபைச் செயலரின் மனைவி. அவர் காதில் விழுந்தது இவ்வளவு: கணக்கு வாத்தியார் ஒரு கத்தோலிக்க அம்மாவிடம் மாதாவின் அருளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிறார்.

சைக்ளோஸ்டைல் தாள் வந்ததும் விஷயம் பெரிதாகிவிட்டது. பாட்டு இப்படித் தொடங்கியது:

அருளே, அருளே, ஆண்டவரே,
எளியோர் வீட்டில் எழுந்தருளும்;
இருளும் நீங்க, ஒளியாக
இயேசுவே, எம் வாசல் வாரும்.

இதில் என்ன குற்றம் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். நமக்குத் தெரியும். அந்த நாளில் 'அருள்' கத்தோலிக்கர்களுடைய சொல், 'கிருபை' நம்முடைய சொல். ஒருவர் வாயைத் திறந்து ஜெபம் பண்ணினால் இரண்டாவது வாக்கியத்திலேயே எந்தக் கோயில் என்று சொல்லிவிடலாம். எங்கள் உறவில் ஒருவர் அந்தப் பக்கம் போய்விட்டதாகத் தெரிந்தால், துக்கம் விசாரிக்கப் போவதுபோல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

செயலர் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பாட்டுப் புத்தகத் திருத்தக் கமிட்டிக்கும் அவரே தலைவர்; அப்பா அதில் உறுப்பினர். அம்மா கொடுத்த காபியை வேண்டாம் என்று தள்ளி வைத்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"நானும் மூணு தடவ படிச்சுப் பாத்தேன் சார். கர்த்தர் இல்ல, கிருபை இல்ல. பாவிகூட இல்ல. பாவி இல்லாம ஒரு லூத்தரன் பாட்டா?"

"அளவு அப்படி வந்துருச்சு சார்," என்றார் அப்பா.

செயலர் லேசுப்பட்டவர் அல்ல. விரலை மடக்கி எண்ணினார். "அ-ரு-ளே, மூணு. கி-ரு-பை, அதுவும் மூணு. கிருபைன்னு போட்டாலும் உக்காருதே."

அப்பா "உக்காரும் சார். எழுந்திருக்காது," என்றார்.

செயலருக்கு முகம் சிவந்துவிட்டது. இவர் என்ன பெரிய கவிராயரா, நாம் கேட்டால் விடுகதை போடுகிறாரே என்று நினைத்திருப்பார். எனக்கும் அப்படித்தான் பட்டது. தாள் ஓட்டியாகிவிட்டதால் குருத்தோலை ஞாயிறன்று மட்டும் இப்படியே பாடிக்கொள்ளலாம், திருத்தித் தராவிட்டால் புத்தகத்தில் இந்தப் பாட்டும் இருக்காது, கமிட்டியில் அப்பாவும் இருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா வாசல்வரை போய் வழியனுப்பினார். அம்மா ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்காக இத்தனை வருட உழைப்பைத் தொலைப்பார்களா என்று கேட்டார். மாமாவும் வந்து, 'விட்டுக் கொடுங்க அத்தான்' என்று கெஞ்சினார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே எண்ணிக்கொண்டிருந்தார்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. வெள்ளை கவுனும், தலையில் அம்மா இழுத்துப் பின்னிய ரிப்பனும், நாக்கில் வசம்புக் கசப்பும். கோயில் முழுக்கப் பச்சைக் குருத்தோலை வாசம். ஒவ்வொருவர் கையிலும் ஓலையில் முடைந்த சிலுவை. வாத்தியக்காரர் கால் ஆர்மோனியத்தை மிதித்து மெட்டை ஒருமுறை வாசித்து நிறுத்தினார். அந்த நிசப்தத்தில் நான் பீடத்துப் படி ஏறினேன். மூன்றாவது பெஞ்சில் அப்பா. அவர் கைகள் எண்ணவில்லை. முன் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

வாயைத் திறந்தேன். 'அருளே' என்றேன். வந்துவிட்டது. இரண்டாவது 'அருளே'யும் வந்தது. 'ஆண்டவரே' வந்தது. சபை பாடியது. அடுத்த அடியில் எங்கே நிற்கப் போகிறேன் என்று தேடிக்கொண்டே வாசித்தேன், நிற்கவே இல்லை. நான்கு பத்தி, பதினாறு அடி. கடைசிப் பத்திக்கு வரும்போது குரல் எனக்கே புதிதாக இருந்தது, கூரை விசிறிவரை போயிற்று. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அப்பா பெஞ்சை விட்டுக் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஆளுக்கு ஆள் பெருமையைப் பங்கு போட்டார்கள். வசம்பு என்றார் அம்மா. கடல் காற்று என்றார் மாமா. தான் காலையில் முழங்காலில் நின்றதைச் சொன்னார் அப்போதைய ஐயர். மறுநாள் வந்த மீன்காரம்மா, மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியதாகச் சொல்லி எனக்கென்று தனியாக நாலு நெத்திலி வைத்துவிட்டுப் போனார். அப்பா மட்டும் பங்கு கேட்டு வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பள்ளியில் மிஸ் என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து நின்று, தைரியமாக வாயைத் திறந்து, 'ப்' என்று நின்றேன்.

அந்த வெட்கம்தான் நான் சொன்னது. கர்த்தர் ஒரு நாள் கொடுத்துப் பார்த்தார், என் விசுவாசம் போதவில்லை, எடுத்துக்கொண்டார் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கல்யாணம், பிள்ளை, பேரன் எல்லாம் ஆன பிறகும் குருத்தோலை ஞாயிறு வந்தால் கடைசி பெஞ்சில்தான் உட்காருவேன்.

அதே திங்கள் மாலை இன்னொன்றும் நடந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய், பாட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தார். 'கிருபை, கிருபை, என் கர்த்தாவே, பாவியின் குடிலில் தங்கிடுமே' என்று புத்தகத்தில் இன்றும் இருக்கிறதே, அது. செயலர் தான் ஜெயித்ததைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலிலேயே வளைந்திருந்தால் இத்தனை வம்பு உண்டா என்றார் மாமா. எனக்கோ அப்பாவை நினைத்து அவமானமாக இருந்தது. அத்தனை நாள் முறுக்கிக்கொண்டு நின்றவர் ஒரே நாளில் பணிந்துவிட்டாரே. அவர் இறந்த பிறகும் அந்த எண்ணத்தில் ஒரு துளி எனக்குள் இருந்தது. இதைச் சொல்லவே கூசுகிறது.

இப்போது பிஸ்கட் டின்னுக்கு வருகிறேன். மேலே அந்தச் சின்ன நோட்டு. உள்ளே இரண்டு பட்டியல். சிவப்பில்: பாத்திரம், துணி, கடை, செருப்பு, தண்ணீர், என் பெயர். நீலத்தில்: வளையல், மருந்து, நகை, அரிசி, இலை, மாவு, அம்மா. பட்டியலின் கீழே கோடு போட்டு, கணக்கு வாத்தியார் விடை எழுதுவதுபோல் எழுதியிருந்தார்: 'சொல்லின் முதலில் வல்லினம் வந்தால் நிற்கிறாள். உயிர், மெல்லினம், இடையினம் – தடையில்லை.'

நோட்டுக்கு அடியில் மடித்த ஒரு தாள். அழகான கையெழுத்தில் முழுப் பாட்டு. கிருபை, கர்த்தாவே, பாவி எல்லாம் உள்ள பாட்டு. செயலருக்குப் பணிந்து எழுதியதாக நான் நினைத்திருந்த அதே பாட்டு. அதுதான் முதலில் எழுதியது. அதன் மேல் க, ச, த, ப-வில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லும் சிவப்பில் அடிக்கப்பட்டு, தலைக்கு மேல் நீலத்தில் வேறு சொல். கிருபைக்கு மேல் மட்டும் ஒரு கூட்டமே இருந்தது. 'தயை' – அடித்திருந்தார், அதுவும் வல்லினம். 'அன்பு – போதாது.' 'இரக்கம் – வேறு பொருள்.' கடைசியாக 'அருள்', அதன் பக்கத்தில் சிறிதாக 'மீன்காரம்மா'. தாளின் கீழே, 'வல்லினம் ஒன்றுமில்லை. இருமுறை சரிபார்த்தது.'

எழுந்திருக்காது என்று அவர் சொன்னது என் நாக்கைப் பற்றி. உண்மையைச் சொல்லியிருந்தால் செயலர் கண்கலங்கி ஒத்துக்கொண்டிருப்பார், நல்ல மனுஷர்தான். ஆனால் அன்று நான் படியேறியபோது சபை முழுவதும் என் வாயையே பார்த்திருக்கும். அதற்குப் பதில் எல்லோரும் தன்னைப் பார்க்க விட்டுவிட்டார் அப்பா. ஒரு ஞாயிறு முடிந்தது, சொல்லின் வேலையும் முடிந்தது, கிருபையை அதன் இடத்தில் திருப்பி வைத்துவிட்டார். என்னிடமிருந்து யாரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. என் விசுவாசத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை. பரண் ஏணியின் அடியில் உட்கார்ந்து அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகுதான் கவனித்தேன், அப்பாவை அழைக்கிற சொல்லிலும் முன்னால் உயிரெழுத்துதான். அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் 'அம்மாடி'தான்.

நேற்று ஐயர் வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். தாளைக் காட்டினேன். வாசியுங்களேன் என்றார். அடித்த சொற்களையெல்லாம் விட்டுவிட்டு, நீலத்தில் இருந்ததை மட்டும் வாசித்தேன். பதினாறு அடியும் ஓடியது. அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, இதையும் மலரில் போடலாமா என்று கேட்டார். ஒவ்வொரு பாட்டின் கீழும் எந்த மொழியிலிருந்து வந்தது என்று குறிப்பு வேண்டுமாம்.

"மூலம் ஜெர்மன்னு போட்டுக்கட்டுமாம்மா?"

"இல்லைங்க ஐயா. இது த்… த்… தமிழ்லேருந்து வந்தது."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"தமிழ்லேருந்து எந்த மொழிக்கும்மா?"

"எனக்கு," என்றேன். திக்காமல் வந்தது.